கெபி ரோஜாவின் முண்டு

திருவிழாவுக்கு மறுநாள் எலிசாவைப் பார்க்க வேண்டும். ஊர் முழுக்க ஏப்பம் விட்டுக்கொண்டு திரியும். அவள் மட்டும் அடுப்படியில் காலை நீட்டி உட்கார்ந்து, எப்போதோ வடித்த சோற்றில் மோரை ஊற்றிக் கரைத்துக் குடித்துக்கொண்டிருப்பாள். முந்தின நாள் அண்டா அண்டாவாகப் பொங்கிப் போட்டவள் அவள்தான். அந்தச் சோற்றில் ஒரு பருக்கை அவள் வாயில் பட்டிருக்காது. படக்கூடாது. அதுதான் நேர்ச்சை.

நேர்ச்சை செய்தவளும் அவளல்ல. வானூரிலிருந்து திண்டிவனம் போகிற வழியில், மெயின்ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருக்கிறது செங்காட்டுக்குப்பம். வீட்டுக்கு வீடு ரோஜாக் கன்று போட்டு விற்கிற ஊர். 1993-ல் எலிசாவின் கைக்குழந்தை அந்தோணி பிரபுவுக்குக் காய்ச்சல் தலைக்கேறி, பாண்டி ஆஸ்பத்திரியில் டாக்டர்களே உதட்டைப் பிதுக்கினார்கள். அப்போது அவள் புருஷன் இருதயநாதன் ஊரில் மாதா சிலை வைத்த, குகைபோலக் கட்டிய கெபிக்கு ஓடிவந்து முழங்காலில் விழுந்தான். பிள்ளை பிழைத்தால் கெபிக்கு ஒரு ரோஜாச் செடி வைப்பேன், வருஷா வருஷம் உன் பிறந்தநாளுக்கு ஊருக்கே சோறு போடுவேன், பொங்குகிற என் வீடு அந்தச் சோற்றைத் தொடாது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிவிட்டான். பிள்ளை பிழைத்தது. நேர்ச்சை செய்கிற வாய் ஆண்களுடையது, அடுப்பு ஊதுகிற வாய் வேறு யாருடையதோ. உலகம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

செடியை இருதயநாதன் எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்தான். நன்றாகவே வந்தது. 2001-ல் அவன் கன்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அந்த வருஷம் பங்குச் சாமியார் எலிசாவைக் கூப்பிட்டு, "நேர்ச்சை அவரோடதும்மா. அவரோட போச்சுன்னு வெச்சுக்கோ. மாதா ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க" என்றார். எலிசா தலையை ஆட்டினாள். திருவிழா வந்தது. விடிவதற்கு முன்னால் அவள் கை தானாகப் போய் அண்டாவைக் கழுவியது. அவ்வளவுதான், அடுத்த வருஷமும் கழுவியது.

அதற்கு அவளுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. செங்காட்டுக்குப்பத்தில் திருவிழாப் பூசை முடிந்ததும் 'முதல் போத்து' என்று ஒரு வழக்கம் உண்டு. போத்து என்றால் நடுவதற்கு வெட்டுகிற குச்சி. கோயில் பீடத்தில் இருக்கிற கத்தியைத் தட்டில் வைத்து எடுத்து வருவார்கள். அந்தக் கத்தியால் கெபி ரோஜாவில் முதல் குச்சியை எலிசா வெட்டுவாள். பிறகு வீட்டுக்கு ஒருவர் வரிசையில் வந்து, அதே கத்தியால் ஆளுக்கொரு குச்சி வெட்டிக்கொள்வார்கள். அப்புறம் கத்தி ஊர்வலமாக ஒவ்வொரு நர்சரிக்கும் போகும். அந்த வருஷத்தின் முதல் ஒட்டுக் கன்றுக்குக் கண்ணை எல்லோரும் அந்தக் கத்தியால்தான் சீவி வைப்பார்கள். இந்து வீடுகளும் சேர்த்திதான். கன்று பிழைக்க வேண்டுமே, அதில் யாருக்கும் மதம் கிடையாது. ஒரே ஒரு கண்டிப்பு, கத்தியைத் துடைக்கக் கூடாது. கழுவவே கூடாது. மாதா கத்தியில் யார் துணியைப் போடுவது? வருஷக்கணக்காகச் சாறு காய்ந்து கறுத்துப்போயிருந்த அதன் முகத்தை எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

சொந்தமாகக் காணி நிலம் இல்லாதவள் எலிசா. அடுத்தவர் நர்சரியில் கூலிக்குக் கவரில் மண் ரொப்பி, குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போனவள். பிள்ளை பாண்டியில் செல்போன் கடையில் வேலை செய்துகொண்டு, மாதத்துக்கு ஒரு முறை துணி துவைக்க வருகிறான். இவளுக்கு ஊரில் ஒரு தலை நிமிர்வு உண்டென்றால் அது அந்த முதல் குச்சியை வெட்டுகிற நேரம்தான். அன்றைக்கு நர்சரி முதலாளிகளெல்லாம் இவள் பின்னால் நிற்பார்கள்.

செடிக்கு இன்னொரு மகிமையும் சேர்ந்தது. சில வருஷங்களாக அதன் அடியில், மண்ணை ஒட்டி, சொரசொரவென்று ஒரு உருண்டை வளர ஆரம்பித்தது. முதலில் எலுமிச்சை அளவு, பிறகு சாத்துக்குடி அளவு. யாரோ ஒருத்தி அதை 'மாதா மடி' என்றாள். பிள்ளையில்லாதவர்கள் அதைச் சுற்றி மஞ்சள் நூல் கட்டினார்கள். ஒன்றிரண்டு பேருக்குப் பிள்ளை பிறக்கவும் செய்தது. பிறக்கத்தானே செய்யும்.

2009 ஆடியில் வந்தது பேஜாரு. சென்னைக்குப் போன லோடு திரும்பி வந்தது. கன்றுகளின் அடியில், ஒட்டுப் போட்ட இடத்தில், முண்டு முண்டாகப் புடைத்திருந்தது. அப்புறம் பார்த்தால் எல்லா வீட்டிலும் இருந்தது. குலை நடுங்கிப்போனார்கள். யார் மேலாவது பழியைப் போட்டால்தான் இருப்புக் கொள்ளும். முந்தின கோடையில் ஓசூரிலிருந்து புதுக் கன்று இறக்கியவர் சுப்பராயலு. ஊரின் மேலக்கோடியில் நர்சரி வைத்திருப்பவர், கை சுத்தமான மனுஷன். கெபியருகே கூடிய கூட்டத்தில், "ஓசூர் கன்னு வந்தப்புறம்தான் இதெல்லாம். அதுக்கு முன்னாடி யாரு வூட்ல இருந்துது?" என்று முதலில் வாயைத் திறந்தவள் எலிசாதான். முதல் போத்து வெட்டுகிறவள் சொன்னால் அதற்கு ஒரு எடை உண்டு. இந்த வருஷம் சுப்பராயலு கத்தியைத் தொடக்கூடாது, வரிசைக்கே வரக்கூடாது என்று முடிவானது.

சுப்பராயலு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரிம்மா எலிசா. நீ சொன்னா சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம்தான் அருணா வந்தாள். திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிற பெண். முண்டு வந்த கன்றுகளைத் தேடி ஊர் ஊராக ஸ்கூட்டியில் அலைந்து, முகமெல்லாம் கறுத்து, அவளே பாதி காய்ந்த கன்று மாதிரிதான் இருந்தாள். வீட்டுக்கு வீடு முண்டை அறுத்துப் பையில் போட்டுப் பெயர் எழுதிக்கொண்டாள். சுப்பராயலு தோட்டத்திலும் வாங்கிக்கொண்டாள். கடைசியில் கெபி முன்னால் வந்து நின்று, மாதா மடியைக் குனிந்து பார்த்தாள்.

"அக்கா, இதுலயும் கொஞ்சம் வேணும்ங்க."

"இது அது இல்லம்மா. இது மாதா மடி."

"இருக்கட்டும்ங்க. எது எந்தக் கிருமியால வந்துதுன்னு கொஞ்சம் பிரிச்சிப் பார்க்கலாம். ஓசூர் கன்னுல இருக்கிறதும் ஊர்ல இருக்கிறதும் ஒண்ணுதானான்னு தெரிஞ்சிடும்."

எலிசாவுக்கு அந்தப் பேச்சு பிடித்தது. சுப்பராயலு கன்றுதான் காரணம் என்று மிஷினே சொல்லிவிட்டால் நல்லதுதானே. ஆனால் மாதா மடியை யாரோ ஒருத்தி பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போவதா? தானே ஒரு சின்னத் துண்டைக் கிள்ளி, முந்தானையில் முடிந்துகொண்டு, மறுநாள் திண்டிவனம் பஸ் ஏறினாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள்.

பெரிதாக ஏதோ இருக்கும் என்று நினைத்துப் போனவளுக்கு ஆய்வுக்கூடம் சப்பென்று இருந்தது. அருணா ஒவ்வொரு முண்டையும் சாராய வாடை அடிக்கிற ஒரு திரவத்தில் போட்டு அரைத்தாள், அம்மியில் மிளகாய் அரைப்பதுபோலத்தான். அந்தச் சாற்றை ஒரு நீளமான காகிதத்தின் ஓரத்தில் புள்ளி புள்ளியாக வைத்தாள். காகிதத்தை நனைத்து, ஒரு பெட்டிக்குள் வைத்து, கரண்ட் கொடுத்தாள். அது ஓடுகிறவரைக்கும் இரண்டு பேரும் டீ குடித்தார்கள். முதல் போத்தையும் துடைக்காத மாதா கத்தியையும் பற்றி எலிசா பெருமையாகச் சொன்னாள்.

"என்னாத்தம்மா தேடுற இதுல?"

"சாப்பாடுக்கா" என்றாள் அருணா. எலிசா முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு விளக்கினாள். "மண்ணுல ஒரு கிருமி இருக்குது. செடியில எங்கயாவது வெட்டுக் காயம் பட்டா உள்ள பூந்துக்கும். பூந்து, தன்னோட ஒரு சின்னத் துணுக்கைச் செடிக்குள்ள வெச்சிடும். அதுக்கப்புறம் செடி அது சொன்னதைக் கேட்கும். அந்த எடம் முண்டா வீங்கும். அது மட்டும் இல்ல, அந்த முண்டு ஒரு பொருளைப் பண்ணும். 'ஓப்பைன்'னு பேரு. அந்தக் கிருமிக்குன்னே பண்ற சாப்பாடு."

"செடி சாப்பிடாதா?"

"செடியால அதைச் சாப்பிட முடியாது. அதுக்கு ஒதவாது. தன் சத்தையெல்லாம் போட்டுப் பண்ணும், தின்றது வேற ஆளு."

எலிசா டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அந்தக் கிருமியைக் கொன்னுட்டா?"

"கொன்னாலும் நிக்காதுக்கா. அது வெச்சிட்டுப் போனது செடியோட ஒடம்புல கலந்துடுச்சி. கிருமி போயிட்டாலும் முண்டு பாட்டுக்கு அதைப் பண்ணிக்கினே இருக்கும்."

அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும், கல்லூரிப் பாடத்தைச் சொன்னாள். எலிசாவுக்கோ, தன் அடுப்படியை யாரோ ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்து சொன்னதுபோல இருந்தது. இருதயநாதன் போய் எட்டு வருஷம். போகிறபோது வைத்துவிட்டுப் போனதற்கு அவள் கை இன்னும் பொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அலுப்பு என்று அதற்குப் பெயர் வைக்கக்கூட இத்தனை நாளும் அவளுக்குத் தோன்றியதில்லை.

அருணா காகிதத்தை எடுத்துக் காயவைத்து, ஏதோ மருந்தில் தோய்த்து, கதவைச் சாத்திவிட்டு ஊதா விளக்கைப் போட்டாள். வெறும் காகிதமாக இருந்ததில் மஞ்சள் பச்சையாகப் புள்ளிகள் மினுங்கின. எலிசா தன்னையறியாமல் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஓப்பைன்ல பல தினுசு இருக்குங்க. கிருமிக்கு ஏத்த சாப்பாடு. இது ஆக்டோப்பைன், இது நோப்பலைன். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு எடத்துல போய் நிக்கும்" என்று விரலை வைத்துக் காட்டினாள். ஊர்க் கன்றுகளின் புள்ளிகள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒரே கோட்டில் நின்றன. ஒன்று மட்டும் தனியாக விலகி, வேறு உயரத்தில் நின்றது.

"அந்தத் தனியா நிக்கிறது யாரு வூட்டுது?"

"சுப்பராயலு ஐயாவோட ஓசூர் கன்னு. அதுலயும் நோய் இருக்குது, ஆனா அது வேற கிருமி. ஊர்ல பரவினது அது இல்ல."

"அப்ப மாதா மடி?"

அருணா வரிசையின் முதல் புள்ளியைத் தொட்டாள். அது மற்ற வீட்டுப் புள்ளிகளோடு ஒரே கோட்டில் நின்றது. "இதை மட்டும் வெச்சி அடிச்சிச் சொல்ல மாட்டேன்க்கா. ஒரே தினுசு வேற எடத்துல இருந்தும் வரலாம். ஆனா நீங்க அந்தக் கத்தி வழக்கத்தைச் சொன்னீங்களே. துடைக்காம வெட்டினா போதும்ங்க, ஒரு செடியில இருந்து ஊருக்கே போயிடும்."

கத்தியில் முதல் வெட்டு எலிசாவுடையது. வருஷா வருஷம், ஊரே பார்க்க, தலை நிமிர்ந்து வெட்டியிருக்கிறாள். அதற்கப்புறம்தான் அது வரிசையாக எல்லோர் கைக்கும் போயிருக்கிறது.

"ஊர்ல வந்து சொல்லட்டுங்களாக்கா?"

"நான் சொல்லிக்கிறேம்மா."

"அந்தச் செடியை வேரோட எடுத்துக் கொளுத்திடணும்ங்க. அந்த எடத்துல மறுபடி ரோஜா வெக்காதீங்க. கேப்பை, சோளம் மாதிரி ஏதாவது போடுங்க, அதுங்களை இது ஒண்ணும் பண்ணாது. கத்தியைக் கொதிக்கிற தண்ணியில போட்டு எடுக்கணும்."

திரும்பி வருகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. தூக்கம்தான் வரவில்லை. சொல்லாமல் விட்டால் என்ன? அருணாவாக வந்து சொல்லப்போவதில்லை. சுப்பராயலு பொறுத்துப்போகிற மனுஷன், இன்னும் ரெண்டு வருஷத்தில் எல்லாம் மறந்துவிடும். செடி போனால் முதல் குச்சி போச்சு. முதல் குச்சி போனால் இவள் யார்? மண் ரொப்புகிற கூலிக்காரி, இடுப்பு போனவள். இருதயநாதன் கொண்டுவந்து வைத்த செடியால்தான் ஊரே நாசமானது என்று தெரிந்தால் செத்தவனையும் சேர்த்துக் காறித் துப்புவார்கள்.

வீடு வந்து சேர்ந்ததும் சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்த அண்டாக்களைப் பார்த்தாள். திருவிழா நெருங்கிவிட்டது. கழுவ வேண்டும், விறகு எடுத்துப் போட வேண்டும், பொங்க வேண்டும், இந்த வருஷம் கூடவே இந்த ரகசியத்தையும் மூடிவைத்துக் காவல் காக்க வேண்டும். அதை நினைத்த மாத்திரத்தில் அவளுக்குக் கைகால் ஓய்ந்துபோனது. அவள் நியாயஸ்தி என்றோ தைரியசாலி என்றோ யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். முடியவில்லை, அவ்வளவுதான். இன்னும் ஒரு சுமையைத் தூக்க அவள் உடம்பில் இடமில்லை.

திருவிழாவன்று பூசை முடிந்து ஜனங்கள் கெபிக்கு வந்தபோது, எலிசா கடப்பாரையோடு நின்றுகொண்டிருந்தாள். தட்டில் கத்தியைக் கொண்டுவந்த கோயில்பிள்ளை அப்படியே நின்றுவிட்டார்.

"இந்த வருசம் போத்து கெடையாது. இனிமேயும் கெடையாது" என்றாள். "முண்டு இந்தச் செடியில இருந்துதான் வந்துது. இந்தக் கத்தியில ஏறி எல்லார் வூட்டுக்கும் போச்சு. தெரியாமத்தான் பண்ணோம். சுப்பராயலு அண்ணன் மேல நான் சொன்னது தப்பு. அவரு கன்னுல இருக்கிறது வேற. திண்டிவனத்துல போய் என் கண்ணால பார்த்துட்டு வந்தேன்."

"மாதா மடியைப் போய் சீக்குங்கிறியே, நாக்கு அழுகிடும்டி" என்று ஒருத்தி கத்தினாள். "உன் புருஷன் கொண்டாந்த சனியனா?" என்று இன்னொருவன் எகிறினான். எலிசா மஞ்சள் நூல்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து மாதா காலடியில் வைத்தாள். பிறகு கடப்பாரையைப் போட்டாள். யாரும் உதவிக்கு வரவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. இடுப்பு விண் விண்ணென்று தெறித்தது. செடி பெயர்ந்து வந்தபோது மண்ணுக்குக் கீழே வேர் முழுக்க முண்டுகள் இருந்தன, மேலே தெரிந்ததைவிடப் பெரிய பெரியதாக. கூட்டம் அதைப் பார்த்தது. தங்கள் வீட்டுக் கன்றுகளில் தினமும் பார்த்ததேதான். அதற்கப்புறம் ஒருவரும் கத்தவில்லை.

பங்குச் சாமியார் மட்டும் கிட்டே வந்து, "சோறு என்னம்மா ஆச்சு?" என்று மெல்லக் கேட்டார்.

"அடுப்பு மூட்டல சாமி."

செடியைக் கெபிக்குப் பின்னால் இழுத்துப்போய்க் கொளுத்திவிட்டு, எரிந்து முடிகிறவரைக்கும் நின்றாள். வழியனுப்ப நின்ற மாதிரிதான் இருந்தது. அழுதாள் கொஞ்சம். பிறகு மேலக்கோடிக்கு நடந்தாள்.

சுப்பராயலு கன்றுகளுக்கு நடுவில் நின்று, முண்டு வந்ததைப் பிடுங்கி ஒரு பக்கமாக எறிந்துகொண்டிருந்தார். அவள் வந்ததைப் பார்த்தார். வா என்று சொல்லவில்லை. வெயிலில் நின்றபடியே எலிசா நடந்ததையெல்லாம் சொன்னாள். அவர் கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டார்.

"என் கன்னுலயும் சீக்கு இருக்குதுன்னு தானே அந்தப் பொண்ணு சொல்லிச்சி?"

"இருக்குது. ஆனா ஊர்ல பரவினது அது இல்லண்ணா."

"ஊரு நடுவுல சொல்லும்போது ஜல்தியா சொல்லிட்ட. இப்ப வெயில்ல நிக்கிற" என்றார். வாய்விட்டுத் திட்டியிருந்தால்கூட எலிசாவுக்கு லேசாக இருந்திருக்கும். மன்னிப்பு என்பது கேட்டவுடன் கடையில் எடுத்துக் கொடுக்கிற சாமான் இல்லை. அவள் திரும்பினாள். கண் இருட்டியது, அங்கிருந்த மண் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளேயிருந்து சுப்பராயலுவின் மனைவி தையல்நாயகி எட்டிப் பார்த்தாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து எலிசாவின் முகத்தைக் குனிந்து பார்த்தாள்.

"ஏன் எலிசா, சாப்ட்டியா?"

பதினாறு திருவிழா ஆகிறது. அந்த நாளில் செங்காட்டுக்குப்பத்தில் ஒரு ஜீவன் அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. குழம்பு எங்கே, இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து என்று கேட்டிருக்கிறார்கள்.

"இல்லக்கா" என்றாள்.

தையல்நாயகி தட்டில் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து மடியில் வைத்தாள். எலிசா முதல் வாயை உருட்டி, ஒரு நிமிஷம் கையிலேயே வைத்திருந்தாள், தின்னலாமா என்று யாரிடமோ கேட்பதுபோல. பிறகு தின்றாள். அப்புறம் நிறுத்தவே இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் பாட்டுக்கு ஓடியது, கை பாட்டுக்கு வாய்க்குப் போய்வந்தது. தட்டு காலியானதை சுப்பராயலுதான் முதலில் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் போடு அதுக்கு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, அடுத்த கன்றைப் பிடுங்கக் குனிந்தார்.